மாண்டலின், தூள் வடிவில்

மனிதராகப் பிறந்தவர் எதையாவது சுரண்டி வார்னிஷ் அடித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் குடியிருந்த இன்ஷூரன்ஸ் குமாஸ்தா, அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவும் அதை அமல்படுத்தும் பொறுப்பு தன்னிடமே ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும் நடந்துகொண்டார். நாற்காலி, கதவு, பக்கத்து வீட்டுப் பெரியவரின் கைத்தடி, எதுவும் தப்பவில்லை. எது கோணலாகப் போனாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: "இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடும்." தெரு அவருக்கு இன்னொருகோட் என்றே பெயர் வைத்துவிட்டது.

அவர் மனைவி மாண்டலின் வாசிப்பவர். இருபது வருஷமாக ஒரே மாண்டலின். கை உரசி உரசி ஓரத்தில் மெருகு போய் வெறும் மரம் தெரிந்தது. நல்ல குரல்தான், ஆனால் சன்னம். மேடையில் வாசித்தால் மூன்றாவது வரிசையோடு நின்றுவிடும். கடைத்தெருவில் ஒரு வாத்தியக் கடையில் வேறொரு பழைய மாண்டலினை அவர் பார்த்து வைத்திருந்தார். தந்தியைத் தொட்டால் போதும், கடை முழுக்க மணி அடித்த மாதிரி நாதம் நிற்கும். தன்னுடையதை ஏலத்தில் விட்டு அதை வாங்குவது, அடுத்த மாத நிகழ்ச்சியில் கடைசி வரிசையையும் எழுப்புவது என்று திட்டம். கடைக்காரரும் மூன்று வாரம் எடுத்துவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஏல வேலையை என்கிட்ட விடு, நீ கவலைப்படாதே" என்றார் இன்னொருகோட்.

மனைவி கவலைப்பட ஆரம்பித்தது அந்த நிமிஷம்தான்.

மனைவி நாலு நாள் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது மாண்டலின் மேஜைமேல் தகதகவென்று கிடந்தது. செர்ரிச் சிவப்பு. அதைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

"அஞ்சு கோட்!" என்றார் கணவர், குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வது போல.

மனைவி ஒரு தந்தியை மீட்டினார். டொக்.

"என்னங்க, யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு?"

"இன்னும் காயலை. காஞ்சா பாடும்."

"காஞ்சும் பாடலைன்னா?"

"வேணும்னா இன்னொரு..."

"அந்த வார்த்தை வெளியில வந்துச்சு, உங்களுக்கு அடிப்பேன் நான் கோட்!"

மறுநாள் காலை இன்னொருகோட் மேற்படி மாண்டலினுடன் பழைய வாத்தியங்கள் ஏல அலுவலகத்தில் ஆஜரானார். பொதுமக்கள் நலன் கருதி அங்கே உட்கார ஒரு பெஞ்சும், அதில் உட்காரக் கூடாது என்று ஓர் அறிவிப்பும் வைக்கப்பட்டிருந்தன. நின்றபடியே படிவத்தை நிரப்பினார். பதினாலாம் கட்டம்: 'மேற்பூச்சு அசலா?' கேள்வி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. போலிச் சரக்கை அவர் கையாலும் தொடமாட்டார். 'ஆம். சுத்த அசல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

மதிப்பீட்டு அதிகாரி படிவத்தைப் பார்த்தார், மாண்டலினைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது போன வாரம் அடிச்ச வார்னிஷ் மாதிரி இருக்கே?"

"ஆமா சார். ஆனா அசல் கம்பெனி. டப்பாவைக் காட்டட்டுமா?"

"அசல்னா, செஞ்சவங்க முதமுதல்ல பூசின பூச்சு. அது எங்கே?"

"சுரண்டிட்டேனே."

"சுரண்டினது எங்கே?"

"குப்பைக் கூடையில."

அதிகாரி முகம் மலர்ந்தது. "அப்போ காணாமப் போகலை. வேற விலாசத்துல இருக்கு, அவ்வளவுதான்."

"சார், தெரியாம எழுதிட்டேன். 'இல்லை'ன்னு மாத்திக்கலாமா?"

"எழுதினதை அடிச்சுத் திருத்தினா படிவம் செல்லாது."

"புதுப் படிவம் குடுங்க."

"ஒரு கருவிக்கு ஒரு படிவம். ஏதாவது ஒண்ணு மாறணும்னா, படிவம் மாற முடியாது. மாண்டலின்தான் மாறணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அசலைக் கொண்டு வாங்க. நகலை நாங்க ஏத்துக்கறதில்லை."

வீட்டில் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கணவனும் மனைவியுமாகக் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பொறுக்கினார்கள். பென்சில் சீவலை ஒதுக்கினார்கள். நகத்துண்டை ஒதுக்கினார்கள். மிஞ்சிய பழுப்புத் தூளை ஒரு காலிக் காபி பாட்டிலில் போட்டு மூடினார்கள்.

"இருபது வருஷ வாசிப்பு, காபி பாட்டில்ல கிடக்கு" என்றார் மனைவி.

"பாதி பாட்டில் வந்திருக்கு பாரு" என்றார் கணவர், கொஞ்சம் பெருமையாகவே.

அதிகாரி பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார், எடை போட்டார், அரக்கு வைத்தார், முத்திரை குத்தினார். பிறகு மாண்டலினை நூலால் பாட்டிலோடு கட்டி, அதில் 'நகல்' என்று ஒரு சீட்டு ஒட்டினார்.

சனிக்கிழமை ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "பொருள் எண் நாற்பத்தேழு. மாண்டலின், அசல், தூள் வடிவில். இணைப்பு: மேற்படி மாண்டலின், நகல், மர வடிவில்."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதுவரை எல்லாரும் மாண்டலினைத்தான் வாங்கியிருக்கிறார்கள். யாரும் அசலை வாங்கியதில்லை.

முன்வரிசையில் இருந்த தொப்பிக்காரர், பழம்பொருள் சேகரிப்பதில் பேர்போனவர், பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். "ஆஹா! இந்த மணம் ஒண்ணு போதுமே! லேசாக் காபி வாசனை. அந்தக் காலத்துப் பூச்சுல மட்டும்தான் இது வரும்."

"எனக்கு நாதமே கேட்குது" என்றார் பக்கத்திலிருந்த பட்டுக்கைக்குட்டை அம்மாள், விட்டுக்கொடுக்காமல்.

இருவரும் மாறி மாறி விலையை ஏற்றினார்கள். தொப்பிக்காரர் ஜெயித்தார். மனைவி ஆசைப்பட்ட மாண்டலினை வாங்கி, அதற்கொரு பெட்டியும் வாங்கும் அளவுக்குத் தொகை கிடைத்தது. நகலை யாரும் சீந்தவில்லை; அலுவலகம் அதை ரசீதுடன் திருப்பிக் கொடுத்தது.

"பாத்தியா? சுரண்டாம இருந்திருந்தா இந்த விலை வந்திருக்குமா?" என்றார் இன்னொருகோட். மனைவி பணத்தை இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை கடைத்தெருவுக்குப் போனார்கள். வழியெங்கும் சரக் சரக்கென்று ஒரே சத்தம். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் உப்புத்தாளால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். ஏல அலுவலக வாசலில் பாட்டில்களோடு வரிசை தெருமுனை தாண்டி நின்றது. பென்சில் சீவல் கலந்த தூளுக்குத் தனி ஜன்னல் திறந்திருந்தார்கள்.

கடைக்காரர் இருவரையும் கண்டதும் ஓடிவந்து கும்பிட்டார். "வாங்க, வாங்க! உங்களுதைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்." உள்ளே போய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

செர்ரிச் சிவப்பு. தகதக.

மனைவி தந்தியைத் தொட்டார். டொக்.

"இதோட குரல் எங்கே?" என்றார்.

"அசல் நேத்தே நல்ல விலைக்குப் போயிடுச்சும்மா. தொப்பி போட்ட ஒரு பெரியவர் பாட்டிலோட எடுத்துக்கிட்டார். நகலைத்தான் உங்களுக்குன்னு வச்சிருக்கேன். வாக்குக் குடுத்தேனே!" கடைக்காரர் இன்னொருகோட்டின் பக்கம் திரும்பிக் குனிந்தார். "எல்லாம் சார் காட்டின வழி."

"ஊர்ல சுரண்டாத மாண்டலின் ஒண்ணுகூடவா இல்லை?"

"ஒண்ணு இருந்துச்சும்மா. காலையில ஒருத்தர் ஏல ஆபீசுக்குக் கொண்டு போனார். 'அசல் தனியா இல்லை, மரத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பாவம், இங்கே வந்து கண்ணு கலங்கி நின்னார்."

"அது எங்கே இப்போ?"

கடைக்காரர் கையிலிருந்த பழுப்புத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அரை மணி முன்னால வந்திருக்கக் கூடாதாம்மா?"

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு கல்லாமேல் கிடந்த உப்புத்தாளைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் கிட்ட வாங்க. உங்க அசல் எங்கே இருக்குன்னு நானும் பாத்துடறேன்."

கடை வாசல்வரை நீண்டுவிட்ட ஏல வரிசையில் நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்தவரிடம் அவசரமாகச் சொன்னார்:

"சீக்கிரம், ஒரு காலி பாட்டில் குடுங்க!"