சின்னாறு காட்டில் கார் நின்றது பற்றி என் தரப்பு விளக்கம்

மாதாவின் அடைக்கலத்தில்

சித்திரபுரம்,
வியாழக்கிழமை, விடாத மழை.

மரியாதைக்குரிய மச்சான் அமிர்தநாதன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கத்தரீனாளின் கணவன் செபாஸ்டின் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கே சுகம். எலப்புள்ளியில் உங்கள் சுகத்தையும், உங்கள் மனைவி ஷீனா அக்காவின் சுகத்தையும், உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவியின் சுகத்தையும் அறிய ஆசைப்படுகிறேன். அவளிடமே கேட்கலாம், ஆனால் என் நம்பரைப் பார்த்தால் அவள் போனை எடுப்பதில்லை. நீங்கள் எடுக்கிறீர்கள், நான் "மச்சான்" என்றதுமே "ரேஞ்சு இல்ல மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். எலப்புள்ளி வெட்டவெளி. இங்கே மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ரேஞ்சு கிடைக்கிறது. மின்சார வாரியத்தில் காலமெல்லாம் கம்பம் ஏறிய என்னிடம் இதைச் சொல்லலாமா? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

சின்னம்மா அடக்கத்தன்று நாங்கள் வந்து சேர்ந்த பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அதற்கு முன்னால் வழியில் என்ன நடந்தது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் காரைத்தான் திட்டுகிறார்கள். மகன் ஜோபி கனடா போகும்போது விட்டுப்போன ஹைப்ரிட் கார் அது. பெட்ரோலிலும் ஓடும், தானே உண்டாக்கிக்கொள்ளும் கரண்டிலும் ஓடும். பிரேக்கை மெல்ல மிதித்தால், இறக்கத்தில் உருண்டால், அந்த ஓட்டத்தைக் கரண்டாக மாற்றிப் பின்சீட்டுக்கு அடியிலிருக்கிற பேட்டரியில் சேர்த்துவைக்கும். நம் பள்ளிவாசல் மின்நிலையத்தில் மலைத் தண்ணீரை இறக்கிக் கரண்ட் எடுக்கிறார்கள், இந்தக் கார் தன்னையே இறக்கிக் கரண்ட் எடுக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி ஒரு சாதனம் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். ஜோபி போனில் நாலு விஷயம்தான் சொன்னான்: வேகத்தை ஒரே சீராக வை, தூரத்திலேயே பார்த்துக் காலை எடு, டயரில் காற்று குறையாமல் பார், டிக்கியில் வேண்டாத பாரம் ஏற்றாதே. நான் அவன் சொன்னதற்கும் கொஞ்சம் மேலே போனேன். கதவோரம் எழுதியிருக்கிற அளவைவிட டயரில் கூடுதலாகக் காற்று அடித்தேன், கல்லு மாதிரி இருந்தால் உருள்வதற்கு லேசு என்று நினைத்து. பாரம் என்று பார்த்தபோது ஜாக்கியை இறக்கினேன், பின்சீட்டுத் தலையணைகளை இறக்கினேன், கடைசியில் ஸ்டெப்னி டயரையும் இறக்கிக் கோழிக்கூட்டுக்கு மேலே வைத்தேன். கோயிலுக்குப் போகும்போது கத்தரீனாள் குடையை எடுத்தால் "ரெண்டு பேருக்கும் ஒரு குடை போதுமே" என்பேன். அவள் ஒருநாள் சொன்னாள்: "அடுத்து என்னயத்தான் இறக்கி விடுவீக." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது.

சின்னம்மா போய்விட்டார்கள் என்று நீங்கள் போன் செய்த சாயங்காலம் அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உங்கள் அம்மா இறந்தபின் உங்கள் ரெண்டு பேரையும் தேயிலைக் கொழுந்து கிள்ளி வளர்த்தவர்கள் சின்னம்மாதான் என்று எனக்குத் தெரியாதா? அடக்கம் மறுநாள் நாலு மணிக்கு என்றீர்கள். விடிந்ததும் கிளம்பினால் மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று நிதானமாக வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் எலப்புள்ளி வந்துவிடலாம். விடியும்போதே அவள் சேலை கட்டி, மூணாறில் சொல்லிவைத்த ரோஜா மாலையை வழியில் வாங்க வேண்டும் என்று வாசலில் நின்றாள். நான் காற்று அளந்துகொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் தாமதம், ஒத்துக்கொள்கிறேன். மாலையை வாங்கி அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மூணாறிலிருந்து மறையூர் வரை இறக்கம். என்னுடைய வாழ்க்கையில் அப்படி ஒரு மைலேஜ் நான் பார்த்ததில்லை மச்சான், திரையில் அந்த எண் ஏறுவதைப் பார்த்தால் ஜெபம் செய்யத் தோன்றும். பின்னால் வந்த ஜீப்புகள் ஹாரன் அடித்தன, வழி விட்டேன். ஒரு டிராக்டரும் முந்தியது. கத்தரீனாள், "ஏங்க, கொஞ்சம் வெரசாப் போங்க, சின்னம்மா முகத்தப் பாக்கணும்" என்றாள். "போயிருவோம், போயிருவோம்" என்றேன். மறையூர் தாண்டியதும் வெயில். "ஏசியப் போடுங்க, மாலை வாடுது" என்றாள். ஏசி எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் மாலை வாடிவிட்டது.

சின்னாறு காட்டுக்குள் பின்பக்க டயர் வெடித்தது. கல்லு மாதிரி இருந்த டயர் பள்ளத்தில் விழுந்தால் வேறென்ன ஆகும்? இறங்கிப் பார்த்தேன், டயர் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கிடந்தது. டிக்கியைத் திறந்தாள் கத்தரீனாள். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒன்றும் இல்லை. அவள் டிக்கியைத் திறந்தபடியே நின்றாள். நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். போனில் ரேஞ்சு இல்லை, அங்கே நிஜமாகவே இல்லை. உடுமலைப் பக்கம் போன ஒரு தக்காளி லாரிக்காரரிடம், செக்போஸ்ட்டில் சொல்லிப் பஞ்சர் ஆளை அனுப்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், போய்விட்டார்.

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூணாறிலிருந்து உடுமலை போகும் பஸ் வந்தது. கத்தரீனாள் மாலையோடு கையைக் காட்டினாள், பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, "ஏறுங்கம்மா" என்றார். அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான்தான், "வேண்டாம் தம்பி, ஆள் வந்துக்கிட்டே இருக்கு, நீங்க போங்க" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆள் வந்துட்டா பஸ்ஸுக்கு முன்னால நாம போயிருவோம், இறங்கு" என்றேன். இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் அவள் நாலு மணிக்கு முன்னால் வந்திருப்பாள், அதை நான் பிறகு பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஏன் இறக்கினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள், வண்டியைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்று சொன்னேன். நிஜக் காரணம் அது இல்லை. ரோட்டோரம் யானை லத்தி கிடந்தது, ஆவி பறக்க, அப்போதுதான் போட்டது. அவளும் போய்விட்டால் அந்தக் காட்டில் நான் தனியாக நிற்க வேண்டும். பயந்துவிட்டேன் மச்சான். கம்பத்தின் உச்சியில் பயப்படாதவன் தரையில் நின்று பயந்தேன். இதை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

பஞ்சர் ஆள் வந்தார், வேறு டயர் கொண்டுவர மறுபடி போனார், மறுபடி வந்தார். அதற்குப் பிறகு நான் வேகமாகத்தான் ஓட்டினேன். ஏசியும் போட்டேன். கத்தரீனாள் அதை அணைத்தாள். உங்கள் தெருமுனையில் பக்கத்துத் தோட்டத்து ஆறுமுகசாமி கவுண்டர் நின்றிருந்தார். குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்து, "ஏனுங், இப்பத்தான் வர்றீங்ளா? அடக்கம் முடிஞ்சு எல்லாரும் ஊட்டுக்கே வந்துட்டாங்ளே" என்றார். அவர் நல்ல மனிதர், வேறு எப்படிச் சொல்ல முடியும்? கத்தரீனாள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "கல்லறைக்கு விடுங்க" என்றாள். ஈர மண்மேட்டில் அந்த வாடின மாலையை வைத்து, அது சரிந்து விழாமல் ஒரு கல்லையும் எடுத்து வைத்தாள். நான் பின்னால் நின்றேன்.

பிறகு உங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. அதற்கு மட்டும் நான் சத்தியம் செய்யத் தயார், அது கேலி இல்லை. இந்தக் காரில் ஒரு குணம் உண்டு, நின்றுவிட்டால் சத்தமே இருக்காது, அணைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம். அணைக்க பட்டனை அமுக்க வேண்டும், நான் இருந்த நிலைமையில் அமுக்கவில்லை. நீங்கள் எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது பேட்டரி இறங்கியிருக்கிறது, அதை ஏற்றுவதற்காக எஞ்சின் தானாகவே கிளம்பியது. உள்ளே ஆள் இல்லாத கார் முற்றத்தில் உறுமினால் யாருக்குத்தான் நெஞ்சு நடுங்காது? "சின்னம்மா வந்துட்டாக!" என்று யாரோ கத்த, பாதிப் பேர் எழுந்து ஓட, மீதிப் பேர் சத்தமாக ஜெபிக்க, அதற்குள் நான் விளக்கம் சொல்ல எழுந்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது. அன்று சாயங்காலம் கத்தரீனாள் வாசலில் நின்று, "நீங்க போங்க. நான் வரல" என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன், உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இங்கே நான் சும்மா இருக்கவில்லை. காரை முறையாகப் பராமரிப்பது என்று இறங்கினேன், குறை காரிடம் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமே. பேட்டரிக்குக் காற்று போகும் வழி பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் ஒரு வலை, அதில் தூசி அடைத்தால் பேட்டரி சூடாகும். கழற்றிப் பார்த்தால் பாதி தூசி, பாதி கத்தரீனாளின் தலைமுடி. அவள் எப்போதும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் தூங்குவாள். கழுவினேன். இந்த மழையில் எது காய்கிறது? அடுப்பு மேட்டில் வைத்தேன். வலை அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. எலி வயரைக் கடிக்காமல் இருக்க அவளுடைய அலமாரியிலிருந்து அந்துருண்டைகளை எடுத்து எஞ்சினுக்குள் போட்டேன், இப்போது காருக்குள் உட்கார்ந்தால் அவள் சேலை வாசனை வருகிறது, சேலைகளில் எலி. எங்கேயும் போகாமல் நிறுத்தியே வைத்திருந்ததில் முன்னாலிருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது. பெரிய பேட்டரியில் எவ்வளவு கரண்ட் இருந்தாலும் சின்னது செத்தால் கார் கண்ணைத் திறக்காதாம். ஆனச்சாலிலிருந்து மெக்கானிக் பிஜு வந்து பார்த்தான். "சேட்டா, இந்த வண்டிய இடைக்கிடைக்கு ஓட்டணும், இல்லங்கில் அது பிணங்கும்" என்றான். அப்படிக் கோபித்துப் பிணங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "வேற வண்டியில இருந்து கொஞ்சம் கரண்ட் கடம் வாங்கணும்" என்றான். கடன் கொடுக்க வேற வண்டி இல்லை. அவன் பைக்கில் வந்திருந்தான்.

ஆகவே மச்சான், என் தரப்பைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். நான் இங்கே நன்றாகவே இருக்கிறேன். கஞ்சி வைக்கிறேன், பயறு வேகிறது, சில நாள் வேகாமலும் சாப்பிடுகிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. கத்தரீனாள் திரும்பி வர வேண்டும் என்று நான் கெஞ்சவில்லை, வர வேண்டியது அவள் கடமை என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். காரை விற்கச் சொல்லி அவள் நிபந்தனை போட்டால் அது நடக்காது, அது பிள்ளை விட்டுப்போன பொருள். சின்னம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கும் நான் வருவதாக இல்லை. எல்லார் முன்னாலும் தோளைப் பிடித்து உட்கார வைக்கப்பட்டவன் எந்த முகத்தோடு வருவான்? இதில் என் முடிவு உறுதி.

ஷீனா அக்காவுக்கு என் அன்பு. ஆறுமுகசாமி கவுண்டருக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் மாதா நல்ல சுகமும் நீடித்த ஆயுளும் பரிந்து கேட்பாளாக. சின்னம்மாவின் ஆத்துமம் இளைப்பாறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
செபாஸ்டின்

பின்குறிப்பு (கவரை ஒட்டிவிட்டதால் அதன் முதுகில் எழுதுகிறேன், ஆகவே இதைத்தான் நீங்கள் முதலில் படிப்பீர்கள்): மச்சான், உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டாம். தபால்தலை ஒட்டிவிட்ட ஒரே காரணத்துக்காகத்தான் அனுப்புகிறேன். இப்போதுதான் கத்தரீனாள் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம முப்பதாம் நாள் பூச முடிஞ்சு சின்னம்மா கல்லறையில சிலுவ நடுறாங்க. வாரீகளா?" என்றாள். வாரேன் என்றேன். அன்று காட்டில் பஸ்ஸை ஏன் போகச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிட்டேன். ரேஞ்சு போய்விட்டதோ என்று போனோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். பிறகு, "அத அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் நின்னிருப்பேன்ல" என்றாள். அதற்கப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வரும்போது அவளுடைய வாசிப்புக் கண்ணாடியும் ரெண்டு சேலையும் எடுத்து வரச் சொன்னாள். ரெண்டு போதுமா என்று கேட்டேன். "போதும்" என்றாள். இந்தக் கவரின் முதுகை அவளும் படிப்பாள் என்று தெரியும், படிக்கட்டும். சனிக்கிழமையே பஸ்ஸில் கிளம்புகிறேன். சேலைகளை எலி கொஞ்சம் கடித்திருக்கிறது, நல்லதாக ரெண்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.