எண்பத்திரண்டு மில்லிமீட்டர்

எவ்வளவு மழை பெய்தது என்று முடிவுசெய்யும் உரிமை வானத்துக்குக் கிடையாது. பினேரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அந்த உரிமை ரேடார் அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. தெற்கு பிரேசிலின் அந்த மகத்தான அலுவலகத்தில் திரையைப் பார்ப்பவர் ஜெனேசியோ. ரேடார் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். திரும்பியதை ஒரு சூத்திரம் மில்லிமீட்டராக்கும். நூற்றைத் தாண்டினால் ஆற்றங்கரை ஊர்களில் அபாயச் சங்கு ஊதும். சூத்திரம் எங்கோ குளிர்நாட்டு மழைக்காக எழுதப்பட்டது. ஆகவே அதற்குக் கூடுதல் மரியாதை.

மே மாதத்தில் மூன்று நாள் விடாத மழை. செவ்வாய்க்கிழமை காலை திரை '82' என்றது. அப்போது தொலைபேசி அலறியது. மேலே மலையடிவாரப் பள்ளியில் சமைத்துக்கொண்டே மழைமானியையும் பார்த்துக்கொள்ளும் டோனா லெயோகாடியா.

"தம்பி, மானி ரெண்டு தடவ ரொம்பி வழிஞ்சிடுச்சு. முந்நூறுக்குக் கொறையாது. ஆறு பள்ளிக்கூடப் படியத் தொட்டாச்சு!"

"இங்க திரை எம்பத்திரண்டுன்னு காட்டுது. லைன்லயே இருங்க டோனா." ஜெனேசியோ இயக்குநர் எவரால்டோவிடம் ஓடினார்.

இயக்குநர் மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி சொன்னார்: "சமையல்காரம்மாவா? பாத்திரம் கழுவின தண்ணிய அதுல ஊத்தியிருப்பாங்க."

"சார், பேய்மழையில அலை பாதியிலயே சோர்ந்துடும். நடுவுல மலை வேற மறைக்குது. ரேடார் கொறச்சுத்தான் காட்டும்."

"மலை மேல புகார் இருந்தா எழுத்துல குடுங்க. சூத்திரத்த மாத்தணும்னா வியாழக்கிழம கூட்டத்துல பேசலாம்."

"வியாழக்கிழம வரைக்கும் ஆறு காத்திருக்குமா சார்?"

"அதுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிடலாம்."

ஜெனேசியோ திரும்பி வந்தபோது டோனா இன்னும் தொலைபேசியில்தான் இருந்தார். "என்ன சொல்றாரு? சமையல்கட்டுக்குள்ள முழங்கால் தண்ணி தம்பி. அந்த ரேடார இங்க வந்து நிக்கச் சொல்லு, எம்பத்திரண்டுன்னு நானும் கையெழுத்துப் போடறேன்."

ஜெனேசியோ இயக்குநர் அறைப் பக்கம் பார்த்தார். வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் திரையில் 82ஐ அழித்து 310 என்று தட்டினார். ஏழு ஊர்களில் சங்கு ஊதியது. மெத்தையோடும் கோழிகளோடும் சனங்கள் குன்றேறினார்கள். மதியத்துக்குள் ஆற்றங்கரைத் தெருக்களில் கூரை முகடுகள் மட்டுமே தெரிந்தன. டோனாவும் குன்றில்தான் இருந்தார், பள்ளிக்கூடத்துப் பெரிய அண்டாவோடு.

விசாரணைக் குழு விருப்பு வெறுப்பின்றி ஆராய்ந்தது. "உயிரிழப்பு: இல்லை. எனவே கடும் மழை பெய்யவில்லை. ரேடாரின் மதிப்பீடு துல்லியமானது." இயக்குநருக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கப்பட்டது.

ஜெனேசியோவுக்கு வந்தது ஒரு குறிப்பாணை: "தங்கள் அத்துமீறலின் விளைவாக ஆயிரத்து இருநூற்று நாற்பது பேர் உயிரோடிருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்."