ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது

அந்த மாசி மாதம் மாதேஸ்வரன், மனைவி ருக்குமணியின் காதில் விழும்படியாக ஒரு தீர்மானம் செய்தார். வீட்டு வாசலை முழுக்கச் சிமெண்ட் களமாக்கிவிடுவது. கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் அப்படி ஒரு களம் அதுவரை இருந்திருக்கக் கூடாது.

காரணம் இருந்தது. மலையில் மிளகு வாங்கி, அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் அமீர் ஹம்சாவின் கடையில் போடுவது அவர் தொழில். போன தடவை அமீர் ஹம்சா மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மாதேசு, நான் மிளகு வாங்கறனா, கொல்லிமலைய வாங்கறனா?" என்று கேட்டுவிட்டார். மண் தரையில் காய்ந்த மிளகு. அந்தக் கேள்வி மாதேஸ்வரனைத் தூங்கவிடவில்லை. மணலும் ஜல்லியும் வந்து ரோட்டோரம் இறங்கிவிட்டன.

தடை ஒன்றுதான். ஐப்பசியில் ருக்குமணி காட்டோரத்திலிருந்து கொண்டுவந்து வாசலில் வைத்த செடிகள். ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, வேலியோரம் பிரண்டை. ஒவ்வொன்றின் அடியிலும் பிறை போலக் கல் அடுக்கி, சருகு போட்டு மூடியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குப்பையை மரியாதையாக அடக்கம் செய்ததுபோல் இருந்தது.

"சிமெண்ட் போட்டா ஊடு அடுப்பாட்டம் கொதிக்குமுங்க மாமா. பேயற மழையும் நிக்காம ஓடிருமுங்க."

"மழை வந்தாத்தானே ஓடறதுக்கு?"

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். மழை வழி மறந்து போயிருந்தது. குழாயில் தண்ணீர் வந்த நாளைத்தான் ஊரில் நல்ல நாள் என்றார்கள்.

"இதெல்லாம் நம்ம மலையில பொறந்ததுங்க. இந்த ஒரு கோடை தாண்டி வேர் புடிச்சிருச்சுன்னா, அப்பறம் நம்மகிட்டத் தண்ணியே கேக்காதுங்க."

"இந்தக் கோடைக்கு யார் குடுக்கறது? மனுசனுக்கே இல்ல. கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருசன்னு பெரியவங்க சொன்னாங்க. நீ செடிதான் புருசன்கற."

"கல்லு அடுக்கியாச்சுங்க. புல்லு மட்டுந்தான் வெக்கல."

மேல் வீட்டுக் காளியண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவர் தேர்ந்தவர். மாதேஸ்வரனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சரி, ஒரே பேச்சு. ஆடி பொறக்கற வரைக்கும் நீ இதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. அப்பறமும் பச்சையா நின்னா வாசல் உன்னுது. காஞ்சுதுன்னா களம்."

ருக்குமணி கொஞ்சம் யோசித்தாள். "நானு ஊத்தக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"அண்ணன் சாட்சிங்க" என்று வேலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வென்றுவிட்டோம் என்றுதான் மாதேஸ்வரன் நினைத்தார். ஆனாலும் எச்சரிக்கையான மனிதர். தண்ணீர் டிரம்மில் சாக்கட்டியால் கோடு போட்டார். வெளியே போகும் நாட்களில் காளியண்ணனைக் காவல் வைத்தார்.

"என்ன மச்சான், ஊத்தினாளா?"

"ஒரு சொம்பு இல்ல மாப்ள. அந்தப் பக்கம் எச்சில்கூடத் துப்பல. பாத்தா பாவமா இருக்குது."

பாவமான விஷயம் வேறொன்றும் நடந்தது. ருக்குமணிக்குத் திடீரென்று கணவன்மேல் அக்கறை பிறந்தது.

"சோப்புப் போட்டா முடி கொட்டுதுங்க மாமா. இனிமே அரப்புத்தான்."

அரப்பு இலையை இடித்துத் தூளாக்கி அவளே தேய்த்துவிட்டாள். முதுகும் தேய்த்தாள். கல்யாணமான புதிதில்கூட இது நடந்ததில்லை. களத்துக்குப் பயந்து காக்காய் பிடிக்கிறாள் என்று எண்ணி, மாதேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினார். வாசலோரம் அவர் நின்று குளிக்கும் கல்லையும் அவள் அடிக்கடி இடம் மாற்றினாள்.

"பழைய எடத்துல பாசி புடிச்சிருச்சுங்க. வழுக்கி உழுந்தா என்னாகறது?"

மழையே இல்லாத வருஷத்தில் பாசி எப்படிப் பிடிக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முதுகு தேய்க்கப்படும்போது யாருக்கும் தோன்றாது.

சித்திரை வந்தது. மலையே பழுத்துப் பழுப்பாகிவிட்டது. ருக்குமணியின் ஆவாரை மட்டும் மஞ்சளாகப் பூத்தது. செடிக்கு வேர் விட்டது. மாதேஸ்வரனுக்கு வேர்த்து விட்டது.

ஒருநாள் குளிக்கும்போது கண்ணில் அரப்பு விழுந்தது. குனிந்து கழுவியவர், நுரை போகும் வழியைப் பார்த்தார். கல்லுக்கடியில் ஒரு விரல் அகலத்துக்கு வாய்க்கால். நுரை அதில் இறங்கி, சருகுக்குள் மறைந்தது. இடுப்புத் துண்டோடு முட்டி போட்டுப் பின்தொடர்ந்தார். சருகை விலக்கினார். வாய்க்கால் கிளை பிரிந்து ஒவ்வொரு செடியின் அடிக்கும் போயிருந்தது. மண் கறுத்து ஈரமாக இருந்தது. ஈர மண்ணின் வாசனை. அந்த வருஷம் முழுக்க மலையில் யாரும் முகராத வாசனை. ஒரு நிமிஷம் அவருக்குக் கோபம் வரவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அங்கேயே இருந்திருந்தால் மணலைத் திருப்பி அனுப்பியிருப்பார். அதற்குள் காளியண்ணன் இருமினார்.

"ருக்குமணி! ஊத்த மாட்டேன்னு சொல்லிட்டு ஊத்தியிருக்கற!"

அவள் அரிவாள்மணையை விட்டு எழாமல் சொன்னாள். "நானு எங்கீங்க ஊத்துனேன்? மாசியில இருந்து ஊத்தறது நீங்கதானுங்களே."

ஒரு சொட்டு ஊற்றாமலே அவருக்குத் தண்ணி காட்டியிருந்தாள்.

மாதேஸ்வரன் அப்போதே இரண்டாவது தீர்மானம் செய்தார். "இனி ஆடி பொறக்கற வரைக்கும் நான் குளிக்கப் போறதில்ல."

"சரிங்க" என்றாள் ருக்குமணி.

அவள் சண்டை போட்டிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

குளிக்காமல் இருப்பது, நினைத்ததைவிடப் பெரிய தவமாக இருந்தது. மிளகுத் தூசி கழுத்தில் படிந்து அரித்தது. பஸ்ஸில் அவருக்கு எப்போதும் முழு சீட்டு கிடைத்தது. காளியண்ணன் வேலியோரம் நின்று, "மாப்ள, உங்க பக்கம் எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். ஆவாரையின் நுனி இலைகள் லேசாகச் சுருங்கின. அதைப் பார்த்து மாதேஸ்வரன் மகிழ்ச்சியோடு சொறிந்துகொண்டார்.

அவரை உடைத்தது அமீர் ஹம்சாதான். வருஷத்தின் கடைசி மூட்டைகளோடு கடைக்குள் நுழைந்தவரை, அவர் கைகாட்டி வாசலிலேயே நிறுத்தினார்.

"மூட்டைய வெச்சிட்டுப் போங்க மாதேசு. குளிச்சிட்டு நாளைக்கு வாங்க. வெலை அப்பறம் பேசலாம்."

மறுநாள் காலை. ருக்குமணி உரலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மாதேஸ்வரன் துண்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பின்பக்கமாக ஏறி, மேல் வீட்டுக்குப் போனார்.

"மச்சான், ஒரு உதவி. உங்க ஊட்டுல குளிச்சுக்கலாமா? அவளுக்குத் தெரியக் கூடாது."

"அதுக்கென்ன மாப்ள" என்றார் காளியண்ணன். வேலியோரம் இரண்டு குடம் நிரம்பித் தயாராக இருந்தன. இந்தப் பஞ்சத்தில் காளியண்ணன் மனசு எவ்வளவு பெரியது என்று மாதேஸ்வரன் நெகிழ்ந்து போனார்.

முதல் சொம்பு தலையில் விழுந்ததும் உயிர் வந்தது. நன்றாகத் தேய்த்தார். தாராளமாக ஊற்றினார். இதில் ஒரு சொட்டுக்கூட அவள் செடிக்குப் போகாது என்று நினைக்க நினைக்கக் குளிர்ச்சி கூடியது. பாட்டுக்கூட வந்தது.

காளியண்ணன் கொஞ்சம் தயங்கிவிட்டு, இருமாமல் சொன்னார்.

"மாப்ள, ஒரு அடி கீழ தள்ளி நின்னு ஊத்திக்கங்க. ஓரத்து ஆவாரைக்கு இன்னும் எட்டலைன்னு தங்கச்சி சொல்லியனுப்பியிருக்குது."