ஒலிநாடாக் காதுக்காரர்

ஒலிநாடாக் காதுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பாட்டைப் போட்டால் அவர்கள் இரைச்சலைக் கேட்பார்கள். பேச்சைப் போட்டால் கரகரப்பைக் கேட்பார்கள். நம்பவில்லையா? நானே அந்த இனத்தின் மூத்த உறுப்பினர்.

நாங்கள் உருவானது டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில், ஒரு சின்னப் பட்டறையில். எண்பதுகளின் கடைசி; இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்கள் ஆட்கள் பெண்சாதி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம். பட்டறையில் செய்தது ஒரு வாத்தியம், ஆர்மோனியத்துக்குப் பெரியண்ணன் மாதிரி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் யாரோ எப்போதோ வாசித்த வயலின் ஏழெட்டு விநாடி பாடும். விரலை எடுத்தால் நாடா பின்னுக்கு ஓடிவிடும். அதற்குள் உலகம் கணினி வாத்தியங்களுக்கு மாறிவிட்டது. அது எங்களுக்கு ஒரு பொருட்டா?

நான் செய்த வேலை நாடா வெட்டுவதும், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைப்பதும். ஆனால் வானொலியில் வயலின் கேட்டால், பிறந்தநாள் கேக் வெட்டுகிற வீடானாலும் செத்த வீடானாலும், "இது எங்கட மெசின்!" என்பேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கசெற் பிளேயரைத் திறந்து பார்த்து, "ஹெட் ஊத்தை" என்பேன். சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்த கசெற் வரும். ஒருநாள் நித்தியானந்தன் ஒன்றைக் கொண்டு ஓடிவந்தான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மனுசி கோகிலாவும் பிள்ளையும் கொழும்பு லொட்ஜில் அனுமதிக்குக் காத்திருந்தார்கள்.

"அக்கா, கொழும்பிலை நிக்கிறாளோ, மட்டக்களப்புக்குத் திரும்பிப் போறாளோ எண்டு இதிலைதான் சொல்லியிருக்கிறாள். அந்த இடம் வரேக்கை பிளேயர் நாடாவைத் திண்டிட்டுது."

"விடு தம்பி. எங்கட கொம்பனியிலை எல்லே குடுத்திருக்கிறாய்!"

நானும் பீற்றரும் (பட்டறையின் டெனிஷ் மேற்பார்வையாளர், எங்கள் இனம்தான்) சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்தோம். வெட்டினோம், ஒட்டினோம், துடைத்தோம், போட்டோம். கோகிலாவின் குரல் வெண்கலம் போல வந்தது.

"நீங்கள் கேட்டதை நல்லா யோசிச்சுப் பாத்தன். நான்... சரி, முடிக்கிறன்."

"இரைச்சல் துளியும் இல்லை!" என்றேன். பீற்றர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"நான்... என்னவாம் அக்கா?"

"அந்தத் துண்டு கசங்கிப் போச்சு தம்பி. வெட்டி எறிஞ்சிட்டம். ஆனா ஒட்டின இடம் தெரியுதே? சொல்லு பாப்பம்!"

அவன் அதற்குள் முழங்காலில் நின்று குப்பை வாளிக்குள் தலையை விட்டிருந்தான். வாளி நிறைய எங்கள் மெசினின் அகல நாடாத் துண்டுகள். கசெற் நாடா ஒல்லி. அந்த ஒல்லிச் சுருளை இழுத்தெடுத்து, கசங்கலோடு மறுபடி ஒட்டினோம்.

"நான் இஞ்சயே நிக்கிறன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை சேத்திட்டன். எத்தினை வருசமெண்டாலும் நிப்பன்."

நித்தியானந்தன் நிலத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கொஞ்சம் கரகரக்குது, தம்பி. இன்னொருக்கா வெட்டித் தரட்டோ?"

கசெற்றைச் சட்டைக்குள் போட்டவன், கோகிலா வந்து சேர்ந்த பிறகும் அதை என் கண்ணில் காட்டவில்லை.

பிறகு பட்டறை மூடிக்கொண்டது. நான் முதியோர் பராமரிப்புப் படித்தேன். பரீட்சை நாளில் ஒரு கிழவியின் இளைப்பைக் கேட்டுவிட்டு, "காற்று எங்கேயோ கசியுது" என்றேன். என்னை ஏன் பாஸ் பண்ண விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கசெற்றோடு இந்த இனமும் ஒழிந்தது என்று ஆறுதல் படுகிறீர்களா? போன கிழமை ஊரிலிருந்து உங்கள் தங்கை போனில் அழுதாளே, நீங்கள் முதலில் சொன்னது என்ன?

"சிக்னல் சரியில்லை. யன்னலுக்குக் கிட்டப் போய் நிண்டு கதை."

வாருங்கள், இருங்கள். உங்களுக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.