வாயால் வளர்ந்த முடி

இனி ஒரு முடியையும் இழப்பதில்லை என்று தணிகாசலம் தீர்மானித்தான். சீப்பு அந்தத் தீர்மானத்தைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. வழக்கம்போல் ஒரு கைப்பிடி முடியோடு வெளியே வந்தது.

அவனுக்கு வயது இருபத்தெட்டு. நகரியில் நெசவாளர்களுக்கு நூல் கொடுக்கும் சங்கமொன்றில் குமாஸ்தா. அவனுக்கும் ஒரு காலத்தில் அடர்ந்த முடி இருந்தது என்பதற்குக் கல்யாணப் போட்டோ சாட்சி. பிறகு விஷ ஜுரம் வந்தது. ஜுரம் இறங்கியது, அதைப் பின்பற்றி முடியும் இறங்கத் தொடங்கியது.

ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்து, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊரில் நடந்தது பேச்சுவார்த்தை. அவன் தலையில் நடந்ததோ படையெடுப்பு. நெற்றி, எந்த நடுவரையும் கேளாமல், நாள்தோறும் மேல்நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. ‘முடிகள்’ என்று பன்மையில் சொல்லும் உரிமையையே விரைவில் இழந்துவிடுவோமோ என்று அவன் அஞ்சினான்.

அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் தாட்சாயணி. அவன் மனைவி.

ஜுரத்தில் அவன் நினைவிழந்து கிடந்தபோது அவள் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்து, அவன் பிழைத்தால் அவன் முடியைக் காணிக்கையாகத் தருவதாகத் திருப்பதிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். தலை யாருடையது, தருபவர் யார் என்ற கேள்வியை எழுப்ப அப்போது அவனுக்கு நினைவில்லை. நினைவு திரும்பிய நாள்முதல் அந்தக் கேள்வியைத் தவிர வேறெதையும் அவன் எழுப்பவில்லை.

“ஜுரம் பாதி முடிய எடுத்துக்கினு போச்சு. மீதிய நீ சாமிக்குக் குடுத்துட்டா எனக்கு இன்னாடி மிஞ்சும்?”

“நீ மிஞ்சுவே மாமா. அதுக்குத்தான வேண்டிக்கினேன்.”

“மொட்டை அடிச்சா திரும்ப வளரும்னு இன்னா நிச்சயம்?”

“அடிக்காம வெச்சிருந்தா நிக்கும்னு இன்னா நிச்சயம்?”

அத்தை மகளைக் கட்டிக்கொண்டவனுக்கு வாதத்தில் வெற்றி என்பது கிடையாது. அவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பது அவளுக்குப் பாவாடை கட்டிய வயதிலேயே தெரியும். ஆகவே அவன் வாதத்தைக் கைவிட்டுக் காலங்கடத்துவதை மேற்கொண்டான்.

“தணிகைமலை சாமி பேரை வெச்சுக்கினு திருப்பதியில எப்படி மொட்டை அடிக்கறது? முதல்ல திருத்தணி எந்தப் பக்கம்னு தீரட்டும்.”

“எந்தப் பக்கம்னு தீந்தாலும் மலை எந்திரிச்சா நடக்கப் போவுது? நான் வேண்டிக்கினது ஏழுமலையான. புரட்டாசி வருது, கெளம்பு.”

இந்த நெருக்கடியில்தான் அவனுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது.

“தாட்சா, நல்லா யோசிச்சுப் பார்த்தேன். இந்த எலிவால் முடியப் போய்ப் பெருமாளுக்குக் குடுக்கறதா? வாழைத்தாரு வேண்டிக்கினு வாழைத்தோலைக் குடுக்கறாப்பல இருக்காது? கைவைத்தியம் பண்ணுவோம். நல்லா வளரட்டும். கத்தையா குடுப்போம்.”

“எப்போ?”

“வளர்ந்துடுச்சுன்னு என் வாயால சொல்ற அன்னிக்கு. சாமி சத்தியம்.”

கற்பூரத் தட்டைத் தொட்டுச் சத்தியம் செய்தான். வாய் தன்னுடையது, தன் அனுமதியின்றி அது திறக்காது என்று அவன் நம்பினான். மணமான ஆண்கள் நம்பிவரும் பல செய்திகளுள் இதுவும் ஒன்று.

தாட்சாயணி மறுத்து ஒரு சொல்லும் சொல்லாதது அவனுக்கு வியப்பைத் தந்தது. மறுநாள் விடியற்காலையில் வியப்பு தீர்ந்தது.

முதலில் வெங்காயம். சின்ன வெங்காயத்தை அம்மியில் நசுக்கிச் சாறு பிழிந்து தலையில் தேய்த்தாள். தேய்த்தவள் அழவில்லை; தேய்க்கப்பட்டவன் அழுதான். சங்கத்துக்கு நூல் வாங்க வந்தவர்கள், “இன்னிக்கு எந்த வூட்ல சாம்பாரு?” என்று மூக்கை உயர்த்திக்கொண்டு அவன் மேசைவரை வந்து நின்றார்கள்.

அடுத்தது வெந்தயம். ஊறவைத்து அரைத்ததை உச்சி முதல் பிடரி வரை அப்பினாள். காய்ந்ததும் அது பானையைக் கவிழ்த்ததுபோல் இறுகியது. புருவத்தை உயர்த்தினால் உச்சந்தலை இழுத்தது. ஆகவே அந்த வாரம் முழுவதும் அவன் எதற்கும் வியப்படையவில்லை. அதன்பின் செம்பருத்தி இலை. அதன் கொழகொழப்பு காதோரமாக வழிந்து சட்டைக் காலரில் குடியேறியது.

தலைக்குப் போனவை இலைக்கு வரவில்லை. குழம்பில் வெங்காயம் இல்லை. ரசத்தில் கறிவேப்பிலை இல்லை. ஊறுகாய் ஜாடியில் நெல்லிக்காய் இல்லை.

“இன்னாடி இது, வெறும் வெந்நீரா இருக்குது?”

“அல்லாத்தையும் நீதான துன்னே மாமா, தலையால.”

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள், இரு வீட்டுக்கும் பொதுவான மதிற்சுவருக்கு மேலாகத் தன் பங்குக்கு விசாரித்தாள்.

“இன்னா நைனா, தலைய ஊறப்போட்டுக்கினு எங்க போறே?”

“ஆபீசுக்குக்கா.”

“அப்படியே போறியே, தாளிச்சுக்கினு போவக் கூடாதா?”

தணிகாசலம் களைத்துப்போனான். மருந்து பலிக்காவிட்டால் முடி தானாகப் போகும்; பலித்தால் பெருமாளிடம் போகும். எப்படிப் பார்த்தாலும் போவது ஒன்றே உறுதியாக இருந்த ஒரு பொருளுக்காக, அவன் விடியற்காலைத் தூக்கத்தையும் வாய்க்கு ருசியான குழம்பையும் இழந்துகொண்டிருந்தான். நிறுத்திவிடலாம் என்றால் சத்தியத்தை மீறியதாகும். தொடரலாம் என்றால் பிடரி தாங்கவில்லை.

இறுதியாக வந்தது கரிசலாங்கண்ணித் தைலம். இலைச் சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் கன்னங்கரேலென்று ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். தேய்க்கத் தொடங்கிச் சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்தவன் அசந்து நின்றான். முன்நெற்றியின் மேல் பளபளத்த இடம் கறுத்திருந்தது! விளக்கைத் தூக்கிப் பார்த்தான். கறுத்துத்தான் இருந்தது! பறிகொடுத்த தாலுகாக்கள் திரும்பிவந்துகொண்டிருந்தன.

இந்த மகிழ்ச்சியை யாரிடம் சொல்வது? சொன்னால் மொட்டை. வாயை இறுக மூடிக்கொண்டு, யாராவது தாமாகக் கவனித்துச் சொல்லமாட்டார்களா என்று, தொப்பி போடாமல் வெயிலில் திரிந்தான். ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குறை அவனை உள்ளுக்குள் அரித்தது.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சித்தூரிலிருந்து வரதராஜன் வந்தான். தாட்சாயணியின் தங்கை ருக்மணியின் கணவன். வயதில் இளையவன். சீப்பு அவன் தலைக்குள் புகுந்தால் வழி கேட்டுத்தான் வெளியே வரவேண்டும், அவ்வளவு முடி.

காலைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தவன், தணிகாசலத்தை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னா அண்ணா, அடையாளமே தெரியல. முடியெல்லாம் எங்க?”

“எங்கயும் போவல. இருக்கற எடத்துலதான் இருக்குது.”

“அத்த ஏன் கேக்கறீங்க தம்பி,” என்று மோர்ச் செம்போடு வந்தாள் தாட்சாயணி. “தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகை அழிஞ்சதுதான் மிச்சம். ஒண்ணும் வளரல.”

தணிகாசலம் திடுக்கிட்டான். வளரவில்லை என்பது அவனுடைய கட்சி. அதை அவள் பேசலாமா? பேசினால் தனக்கு நல்லதுதானே என்று அறிவு சொல்லிக்கொண்டிருந்தபோதே, வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

“யாரு சொன்னது வளரலன்னு?”

“நான்தான். கண்ணு தெரியுதே எனக்கு.”

“கிட்ட வந்து பாருடி.”

“கிட்ட வந்தா மண்டை இன்னும் நல்லாத் தெரியுது மாமா.”

வரதராஜன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, அவசியமே இல்லாமல் ஒரு முறை வாரிக்கொண்டான். “சில பேரு ராசி அப்படிண்ணா. சித்தூர்ல கூத்துக்காரங்க கட்ற டோப்பா கெடைக்குது. வாங்கியாரட்டுமா?”

“டோப்பாவா! எனக்கா!”

மதிற்சுவரின் மேல் பச்சையம்மாளின் தலை உதயமாயிற்று. “நல்ல புள்ளை, பாவம். இந்த வயசுலயே நெத்தி முதுகு வரைக்கும் போயிடுச்சு.”

“அக்கா! இதோ, இந்தப் பக்கம் பாருங்க. போன மாசம் இங்க இன்னா இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல நைனா.”

“இப்போ?”

“அதேதான் நைனா.”

“வெயில்ல பாருங்கக்கா! கருகருன்னு இருக்குது பாருங்க! டேய் வரதா, தொட்டுப் பாருடா!”

“வேணாண்ணா. இருக்கறதும் கையோட வந்துடும்.”

“வுடு மாமா,” என்று தாட்சாயணி இரக்கத்தோடு அவன் தோளைத் தொட்டாள். “வளரலன்னா வளரலதான். இதுக்கெல்லாம் வெக்கப்படுவாங்களா? வளராத முடிய வளர்ந்துச்சுன்னு சொன்னா நாலு பேரு சிரிப்பாங்க.”

அந்த இரக்கத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“வளர்ந்துடுச்சுடி!” என்று கத்தினான். “நல்லா வளர்ந்துடுச்சு! கத்தையா வளர்ந்துடுச்சு! சாமி சத்தியமா வளர்ந்துடுச்சு!”

வரதராஜன் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டான். தாட்சாயணி உள்ளே போய், மஞ்சள் துணி முடிச்சையும் கற்பூரத் தட்டையும் எடுத்து வந்தாள். தட்டில் கற்பூரம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

“கேட்டுக்கினீங்களா தம்பி?”

“நல்லாக் கேட்டுக்கினேன் அண்ணி. நீங்க சொல்லிக்குடுத்தாப்பல நான் கிண்டினேன், அவரே வாயால சொல்லிட்டாரு.”

“பச்சையம்மாக்கா?”

“தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு.”

“கோவிந்தா!” என்றாள் தாட்சாயணி.

“கோவிந்தா!” என்றது மதிற்சுவர்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் ரேணிகுண்டா வரை ரயிலில் போய், திருப்பதி சேர்ந்து, மலைக்கு பஸ் ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் தணிகாசலம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான், விடைபெறுபவனைப்போல. முடியிறக்கும் கல்யாணக்கட்டையில் வரிசை வரிசையாக மனிதர்கள் தலை குனிந்து அமர்ந்திருந்தார்கள். அவனும் அமர்ந்தான். நாவிதர் செம்புத் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றி நன்றாகத் தேய்த்தார்.

தண்ணீர் கறுப்பாக வழிந்தது. மூக்கின் வழியாக இறங்கி, புது வேட்டியில் சொட்டியது. நாவிதர் மீண்டும் ஊற்றினார். மீண்டும் கறுப்பு. மூன்றாம் முறை தண்ணீர் தெளிந்தது, தலையும் தெளிந்தது. நாவிதர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தேடினார்.

“ஏமி நாயனா, ஜுட்டு ஏதி?” முடி எங்கே என்று தெலுங்கில் அவர் கேட்டது எள்ளலாக அல்ல, தொழில்முறையில் எழுந்த உண்மையான ஐயம்.

தணிகாசலம் குனிந்த தலை நிமிராமலே மனைவியைப் பார்த்தான்.

“தைலத்துல இன்னாடி போட்டே?”

“வெளக்குக் கரி, கொஞ்சம். மண்டை வெளுப்பாத் தெரிஞ்சா உனக்கு தைரியம் வருமா மாமா?”

“அப்போ முடி வளரவே இல்லியா?”

“அதைத்தான அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடி அடிச்சு அடிச்சு சொன்னேன்? நீ எங்க கேட்டே? சத்தியம் வேற பண்ணே.”

அவனுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் கோபப்படுவதற்கும் சிறிது உடல்வலிமை வேண்டும். வெங்காயமும் வெந்தயமும் அதைக் கரைத்துவிட்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டான். கத்தி நான்கு இழுப்பில் தன் கடமையை முடித்துக்கொண்டது.

வெளியே வந்தபோது தாட்சாயணி அவன் தலையில் சந்தனம் பூசினாள். குளிர்ந்தது. சுற்றிலும் பார்த்தான். செல்வர், ஏழை, இளைஞர், கிழவர், எல்லாத் தலைகளும் ஒன்றுபோல் மஞ்சளாக மின்னின. எதிரே நின்றவன் காட்டைக் கொடுத்துவிட்டு வந்தவனா, கட்டாந்தரையைக் கொடுத்துவிட்டு வந்தவனா? சொல்ல முடியவில்லை. கடந்துபோன ஒரு பெரியவர், பக்திமான் என்று மதித்து, அவனைப் பார்த்துக் கைகூப்பினார்.

பல மாதங்களுக்குப்பின் முதல்முறையாகத் தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. முன்னைப் போலவே, மகத்தான யோசனை ஒன்று உதித்தது. இந்த முறை அதில் ஓட்டையே இல்லை. தலையை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“தாட்சா, ஒரு முடிவுக்கு வந்துட்டேன். நீ தடுத்தாலும் கேக்க மாட்டேன். வழுக்கைன்னாத்தான கேலி? மொட்டைன்னா பக்தி. இனிமே வருஷா வருஷம் புரட்டாசியில நானே வந்து மொட்டை அடிச்சுக்கப் போறேன்!”

தாட்சாயணி சந்தனக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“அதை நான் ஆடி மாசமே வேண்டிக்கினேன் மாமா.”