போன வருசம் பக்கம் நின்ற லாத்தா

“மீன்காரம்மா மகளுக்கு எகனாமிக்ஸா? தராசு பிடிக்க எம்.ஏ. எதுக்கு?”

ராமநாதபுரத்துப் பெண்கள் விடுதியில் முதல் நாள் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. கேட்டவர் விடுதியின் மெஸ் செக்ரட்டரி. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். தூங்கும்போதும் கால்குலேட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார் என்று பேச்சு. நானோ எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அந்தக் கர்வத்தோடு பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சாப்பாட்டு மேசையின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“போன வருசம் வந்த புள்ளைகிட்ட இதவிட மோசமாக் கேட்டே. அதுக்கு இது கொறச்சல்தான். நீ தேறிட்டு வாரே.”

அதுதான் லாத்தா. இந்தியாவிலேயே விலைவாசியைக் கண்டு பதறாத ஒரே மனுஷி அவர்தான் என்று நான் கோயிலிலும் சத்தியம் செய்வேன், பள்ளிவாசலிலும் சத்தியம் செய்வேன். தக்காளி கிலோ தங்கம் விலைக்கு விற்றாலும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “போன வருசம் இதே நாளு என்ன வெலை?”

பெரியபட்டினத்துக்காரர். அந்தப் பக்கத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும். வளைகுடா நாடுகளுக்கு விமான டிக்கெட் போட்டுத் தரும் ஒரு கடையில் வேலை. ஊரில் லாத்தாக்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் இவருக்குப் ‘போன வருச லாத்தா’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அவரிடம் நலம் விசாரிப்பதே ஒரு அனுபவம்.

“நல்லாருக்கீகளா லாத்தா?”

“போன மாசத்துக்குத் தேவல. போன வருசம் இதே மாசத்துக்குக் கொஞ்சம் மட்டம்.”

அவர் அறைச் சுவரில் இரண்டு ஆணிகள். வலப்பக்கம் இந்த வருடக் காலண்டர். இடப்பக்கம் போன வருடக் காலண்டர். இரண்டிலும் மாதம் ஒன்றே திறந்திருக்கும். கட்டங்களுக்குள் மீன், மிளகாய், மல்லிகைப்பூ, ஷேர் ஆட்டோ எல்லாவற்றின் விலையும் பொடி எழுத்தில் இருக்கும். விவரம் தெரியாதவர்கள் இடப்பக்கம் பார்த்துக் கெட்டதும் உண்டு. எங்கள் பக்கத்து அறை டீச்சர் வெள்ளிக்கிழமையில் கவிச்சி தொடமாட்டார். ஒருநாள் அந்தக் காலண்டரில் தேதியைப் பார்த்துவிட்டு, இன்று வியாழன்தானே என்று இரண்டு துண்டு முரல் மீனை முடித்துவிட்டார். உண்மை தெரிந்து அழுதவரிடம் லாத்தா சொன்ன ஆறுதல்: “அழுகாதீக டீச்சர். போன வருசக் கணக்குல நீங்க தப்பே செய்யல.”

விடுதியில் யாரும் நிம்மதியாகச் சந்தோஷப்படவும் முடியாது. மாசி பங்குனியில் குண்டு மிளகாய் அறுவடையாகிச் சந்தையில் சிவப்பாகக் குவியும். “மொளகா எறங்கிருச்சு!” என்று யாராவது கத்தினால் போதும். “எறங்கல. அறுத்துப் போட்ட நேரத்துல எல்லா வருசமும் எறங்கத்தான் செய்யும். போன மாசியோட வச்சுப் பாரு, ஏறியிருக்கு” என்பார். கொண்டாட்டம் அத்தோடு முடிந்தது.

அதே வாய்தான் கடையில் சோறு போட்டது. கோடை விடுமுறைக்கு டிக்கெட் கேட்டு வருபவர்கள், “போன மாசம் இதுல பாதிதானே லாத்தா!” என்று கொதிப்பார்கள். “பள்ளிக்கூட லீவுக்கு வருசா வருசம் ஏறும் தம்பி. போன லீவுக்கு இதவிடக் கூட. நீ குடுத்து வச்சவன், கெளம்பு” என்பார். கோபமாக வந்தவர், போன வருடம் ஏமாந்தவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டுப் போவார். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செக்ரட்டரிக்கு இவரை ஒருமுறையாவது மடக்கிவிட ஆசை. நோன்பு மாதத்தில் ஒருநாள் ஆட்டுக்கறி விலையோடு வந்தார். “உங்க சட்டப்படியே சொல்றேன். போன வருசம் இதே தேதிக்கு இந்த வருசம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. என்ன சொல்றீங்க?”

லாத்தா சிரித்தார். “போன வருசம் இதே தேதிக்குப் பிறையே பாக்கல. நோன்பு வருசத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால நகந்து வரும்ல? நோன்ப நோன்போட வச்சுத்தான் பாக்கணும்.” இடப்பக்கக் காலண்டரில் பச்சை மையில் ஒரு பிறை வரைந்திருந்தார். அதற்கு நேராக இருந்த விலை ஏறக்குறைய இன்றைய விலைதான். அன்றுதான் அவர் கணக்கு எனக்குப் பிடிபட்டது. கடலுக்கு ஒரு நாட்காட்டி, அறுவடைக்கு ஒன்று, பிறைக்கு ஒன்று. எந்தப் பொருளை எதனோடு நிறுத்துப் பார்ப்பது என்று இந்த மனுஷிக்கு ஒரு கணமும் தடுமாற்றமில்லை.

நான் முதல் வருடம் முடிக்கும் சமயத்தில் தடைக்காலம் வந்தது. சித்திரை தொடங்கி வைகாசி முடிய மீன்கள் குஞ்சு பொரிக்கும் பருவம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்குக் கரையில் ஏலம் சூடு பிடிக்கும். என் அம்மா பாம்பனில் அந்த ஏலத்தில் எடுத்துத்தான், பல வருடங்களாக எங்கள் விடுதிக்கு மீன் கொடுத்துவந்தார். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்த வருமானம்தான் என் விடுதிக் கட்டணம். விடுதியில் மீன் நின்றால் நானும் படிப்பை நிறுத்திவிட்டுப் பாம்பனுக்குப் போக வேண்டியதுதான். செக்ரட்டரி சொன்ன அதே தராசைப் பிடிக்க.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஸ் கூட்டம். அம்மா காலை பஸ்ஸில் கொண்டுவந்த கூடையோடு வாசலில் நின்றார். செக்ரட்டரி சாப்பாட்டுப் பட்டியல் எழுதும் கரும்பலகையில் ‘ரசம், அப்பளம்’ என்பதை அழித்துவிட்டுக் கணக்குப் போட்டார்.

“சங்கரா மீன் போன மாசத்துக்கு இந்த மாசம் கால்வாசி ஏறியிருக்கு. ஒரே மாசத்துல! பன்னெண்டால பெருக்குங்க. அடுத்த சித்திரைக்கு நாலு மடங்கு வெலை. இப்படி மீன் தின்னா நம்ம சொத்தை எழுதி வைக்கணும். இந்தம்மாகிட்ட வாங்குறத இன்னையோட நிறுத்திருவோம்.”

பலரும் தலையாட்டினார்கள். ரசத்தோடும் அப்பளத்தோடும் என் எம்.ஏ.வும் பலகையிலிருந்து அழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்காக மகள் பேசினால் அது வேறு பேச்சாகிவிடும்.

லாத்தா இட்லியை மென்றுகொண்டே கேட்டார். “ஆனி பொறந்து விசைப்படகு கடலுக்குப் போனா வெலை எறங்கும்ல?”

“எறங்கும்” என்றார் செக்ரட்டரி.

“எம்புட்டு?”

“அதுவும் ஒரு கால்வாசி எறங்கும்னு வைங்க.”

“அதையும் பன்னெண்டால பெருக்கு.”

செக்ரட்டரி கால்குலேட்டரைத் தட்டினார். அழித்துவிட்டு மறுபடியும் தட்டினார்.

“என்ன வருது? வெக்கப்படாமச் சொல்லு. நானே சொல்றேன். அடுத்த ஆனிக்குள்ள வெலை பூச்சியத்துக்குங் கீழ போயிரும். மீன்காரம்மா நமக்கு மீனையும் குடுத்து, மேல காசும் குடுப்பாக. இப்பயா நிறுத்துறது? இன்னொரு கூடை சேத்துச் சொல்லு!”

“ஏ ஆத்தீ! நான் எதுக்கும்மா காசு குடுக்கணும்?” என்று வாசலில் அம்மா அலறிவிட்டார். கூட்டம் சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த நண்டு ஒன்று வெளியே குதித்து ஓடியது. டீச்சர் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டார்.

நண்டைப் பிடித்த பிறகு, லாத்தா அறைக்குப் போய் இரண்டு காலண்டர்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “தடைக்காலத்த தடைக்காலத்தோட வச்சுப் பாருங்க. போன வருசம் இதே நாளு இவுக குடுத்த வெலை இங்கன. இந்த வருச வெலை அங்கன. ஒரு விரக்கடைதான் வித்தியாசம். வருசம் முழுக்க ஏறுனது அம்புட்டுத்தான். ஒரு மாசம் குதிச்சத வச்சு ஊரக் கொளுத்தாதீக.”

மீன் தப்பியது. நானும் தப்பினேன்.

நன்றி சொல்லப் போனவள், படித்த திமிரில் ஒரு கேள்வியும் கேட்டேன். “ஏன் லாத்தா, போன மாசத்தோட ஒப்பிடவே கூடாதா? மாசக் கணக்குன்னும் ஒண்ணு போடுறாகளே?”

“எங்க வாப்பா சவுதியில இருந்தாக. வருசத்துக்கு ஒருக்கா, ஒரே மாசம் வருவாக. வந்ததும் என்னைய நிலைக்கதவுல சாய்ச்சு நிறுத்தி ஒரு கோடு போடுவாக. கூடவே இருந்த உம்மா, புள்ள வளரவே மாட்டேங்குதுன்னு பொலம்புவாக. தெனம் பாக்குற கண்ணுக்கு வளத்தி தெரியாது. வாப்பா கோட்டுக்கு அரைச் சாண் மேல நிப்பேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: “அதுக்காக எனக்குக் காய்ச்சல் வந்தா, போன வருசம் எப்படி இருந்துச்சுன்னா பாப்பாக? நேத்தைக்கு இன்னைக்கு கூடவா கொறையான்னு உம்மாதான் தொட்டுப் பாக்கணும். திடீர்னு என்னமோ மாறுதுன்னா மாசத்தப் பாரு. உள்ளபடியே வளந்திருக்கான்னு தெரியணும்னா வருசத்தப் பாரு. ரெண்டையும் பாரு. ஒண்ணுக்கு ஒண்ண மாத்திப் பாத்துறாத.”

இரண்டு செமஸ்டராகப் புத்தகத்தில் கோடு கோடாக அடிக்கோடிட்டுப் படித்த பாடம், ஒரு கதவு நிலைக்குள் அடங்கிவிட்டது.

லாத்தா எங்கள் பக்கம் என்று அம்மாவும் நானும் நினைத்தோம். ஆனியில் அந்த நினைப்பும் போனது. விசைப்படகுகள் போய்வந்தன, மீன் மலிந்தது. மறுபடியும் கூட்டம். செக்ரட்டரி உற்சாகமாக இருந்தார். “போன மாசத்துக்கு நல்லா எறங்கிருச்சு. இன்னும் எறங்கும். வருசத்துக்கும் சேத்து இதவிடக் கொறைச்சு ஒரு வெலை பேசி முடிச்சிருவோம்.”

அம்மா முந்திக்கொண்டார். “அதெல்லாம் வேணாந் தாயி. வைகாசியில குடுத்த வெலையவே குடுத்துருங்க, கைக்குப் பழகிருச்சு.”

இருவரையும் லாத்தா ஒரே பார்வை பார்த்தார். “ரெண்டும் நடக்காது. போன ஆனிக்கு இந்த ஆனி ஏறித்தான் இருக்கு. டீசல் ஏறியிருக்கு, ஐஸ் ஏறியிருக்கு. அந்த ஏத்தத்தக் குடுத்துருவோம். அதுக்கு மேல ஒரு காசு கெடையாது. மெஸ் கட்டணம் எல்லாருக்கும் கொஞ்சம் கூடும்.”

“உங்களுக்கும்தான் கூடும் லாத்தா!” என்று நாலைந்து பேர் கத்தினார்கள். “நீங்க எங்க பக்கமா, மீன்காரம்மா பக்கமா?”

“நான் போன வருசம் பக்கம்” என்றார் லாத்தா.

அப்படியே முடிவானது. அதிகமாகக் கட்டிய முதல் ஆளும் அவர்தான். கேட்டது கிடைக்காத அம்மா, கோபப்படுவார் என்று பார்த்தால், பஸ் ஸ்டாண்டு வரை வியந்துகொண்டே வந்தார். “இந்தப் புள்ள பிடிச்ச தராசுல காத்துகூடக் கை வைக்காதுடீ. நான் இத்தனை வருசம் தராசு பிடிக்கிறேன், எனக்கே சிலநேரம் விரல் படும்.”

நான் எம்.ஏ. முடித்தேன். கடைகடையாகப் போய் ஒவ்வொரு மாதமும் அதே பொருளுக்கு, அதே கடையில், விலை கேட்டுப் பதியும் வேலை கிடைத்தது. வேறு ஊரில், தற்காலிக வேலைதான். அரசு சொல்லும் விலைவாசியின் மாதக் கணக்கும் வருடக் கணக்கும் நான் கொண்டுவரும் விலைகளிலிருந்துதான் பிறக்க வேண்டும். செய்தியைச் சொன்னதும் செக்ரட்டரி கையைப் பிடித்துக் குலுக்கி, “கடைசியில தராசுதான் பிடிக்கப் போறே!” என்றார். “ஆமாக்கா” என்றேன், பெருமையாக.

லாத்தா வழியனுப்பும்போது சுருட்டிய காலண்டர் ஒன்றைக் கொடுத்தார். பிரித்தால், இடப்பக்க ஆணியில் தொங்கியதுதான்.

“புதுசு எல்லாக் கடையிலயும் சும்மா குடுப்பான். பழசு யாரு குடுப்பா? அந்த ஊருக்கு நீ புதுசு. உனக்குப் போன வருசமே இருக்காதுல்ல. என்னோடத வச்சுக்க.”

நேற்று புது ஊரில் வாடகை அறைக்குக் குடிவந்தேன். வீட்டுக்காரர் சுத்தியலோடு வந்து, “காலண்டர் மாட்ட ஆணி அடிச்சுத் தரவாம்மா?” என்று கேட்டார்.

“ரெண்டு அடிங்க சார்” என்றேன்.

லாத்தாவின் காலண்டரை இடப்பக்கத்து ஆணியில் முதலில் மாட்டிவிட்டேன்.