பழஞ்சுவருக்குப் புது வெள்ளை

சட்டம் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். அறுபதுகளின் நடுவில் தாராவியில் எங்கள் சந்துக்கு வாய்த்த அந்த ஆபத்து நான்தான்.

கோட்டைப் பக்கம் ஓர் இன்ஜினியர் ஆபீசில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலை எனக்கு. (பென்சில் சீவுவதும் டீ வாங்கி வருவதும் அதில் அடக்கம்.) முனிசிபாலிட்டி அப்போது நகரத்துக்குப் புதுத் திட்டம் போட்டு, அகலமாக்கப் போகும் ரோடுகளைப் படத்தில் கோடு கிழித்துக் காட்டியிருந்தது. அதில் ஒரு கோடு நேராக வந்து அப்பாவின் தகரப்பெட்டிப் பட்டறைக்குள் நுழைந்தது. பட்டறைக்கு மேலே பரணில்தான் எங்கள் குடித்தனம். கோடு ரோடானால் சோறும் போச்சு, கூரையும் போச்சு.

அப்பா ஜெபம் பண்ணினார். நான் சட்டம் பேசினேன். பட்டறை சாய்ந்திருந்தது ஒரு பழைய கல்சுவரில். போர்ச்சுகீசியர் காலத்தது என்பார்கள். பாசி படிந்து, இடுக்கில் அரசங்கன்று முளைத்து, நடுவில் எழுத்து வெட்டிய ஒரு கல்லோடு நின்றது. புராதனச் சின்னம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் இடிக்கவும் கூடாது, ஒட்டி ரோடு போடவும் கூடாது என்று ஆபீசில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. திட்டத்துக்கு ஆட்சேபம் கேட்கும் நாளில் டை கட்டிக்கொண்டு போய் (டை, மேனேஜருடையது) இங்கிலீஷில் முழங்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை ஆள் வந்து சுவரைப் பார்ப்பார் என்றார்.

ஜெயித்த களிப்போடு திரும்பி வந்து சுவரைப் பார்த்தேன். ஒரு பக்கம் வறட்டி, இன்னொரு பக்கம் யார் வீட்டுக் கோவணமோ காய்ந்துகொண்டிருந்தது. பெயிண்டர் முருகேசனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, சாகிப் வாராருல்லா. இந்தக் கோலத்துல காட்டுனா நம்ம சந்துக்கே அசிங்கம்."

இரண்டு பேரும் இறங்கினோம். கன்றைப் பிடுங்கினோம். பாசியைச் சுரண்டினோம். எழுத்துக்கல் விரிசல் விட்டு அலங்கோலமாக இருந்ததால், நானே என் கையால் சிமெண்ட் பூசி வழவழவென்று ஆக்கினேன். நீலம் கலந்த சுண்ணாம்பை இரண்டு முறை அடித்தோம். "வெறும் வெள்ளையா இருந்தா ஆசுபத்திரி மாரி இருக்கு" என்று முருகேசன் காவியில் பட்டை பட்டையாக இழுத்தான்.

வியாழனன்று குடையும் கறுப்புத் தொப்பியுமாக ஒரு பெரியவர் வந்தார். சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துவிட்டு, சுவர் எங்கே என்றார். காட்டினேன். தொட்டுப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு. எவ்வளவு பழசு என்று இந்தியில் கேட்டார். நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். சாகிப் சுத்தம் பார்க்க வந்திருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை.

"நயா சாப், ஏக்தம் நயா. ஹமாரா பேட்டா கியா." புத்தம் புதுசு, என் மகன் செய்தது என்று அவளுக்குத் தெரிந்த இந்தியில், அப்படியொரு பெருமையோடு.

அவர் எழுத்துக்கல்லைக் கேட்டார். நான் சிமெண்டைக் காட்டினேன். மனிதர் ஒரு தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டீ குடித்தார். போய்விட்டார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீ ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தியன்னா பட்டற தப்பிச்சிருக்கும்ல."

பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தைவிடப் பயம். குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று.

மழை விட்டதும் சங்கிலியும் முளைக்கம்பும் எடுத்துக்கொண்டு ரோடு அளக்க வந்துவிட்டார்கள். மேஸ்திரி எங்கள் சுவர் வரைக்கும் வந்தவர், காவிப் பட்டையைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார். இது எந்தச் சாமி கோயில் என்று மராத்தியில் கேட்டார்.

சந்தே அப்பாவைப் பார்த்தது. அப்பாவோ ஞாயிறு தவறாமல் சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர், பொய் சொல்லாதவர். நான் புராதனச் சட்டத்தை விளக்க வாயைத் திறந்தேன். அப்பா ஒரு கையால் என் வாயைப் பொத்தி, மறு கையைத் தன் வாயில் வைத்துக்கொண்டு இரும ஆரம்பித்தார். அப்படியோர் இருமல் அவருக்கு முன்பு வந்ததே இல்லை. அந்த இருமலுக்கு நடுவே முருகேசன், "மாரியம்மா, சாப்" என்றான்.

மேஸ்திரி கும்பிட்டுவிட்டு முளையைத் தள்ளி அடித்தார். ரோடு இன்றும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது.

பிறகு சுவரடியில் ஒரு விளக்கு வந்தது. அப்புறம் ஆடி மாதக் கூழ் வந்தது. எழுத்துக்கல் மட்டும் சிமெண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதில் என்னதான் எழுதியிருந்தது என்று ஒருநாள்கூட நின்று பார்க்காமல் போனேனே என்று இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

சில வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகை அச்சானது. மேலே வேதவசனம். கீழே, தபால்காரருக்குத் தெரிந்த ஒரே விலாசம்: 'மாரியம்மன் கோயில் பின்புறம், தாராவி.' எங்கள் ஊர்ப்பக்கத்து நாசரேத்திலிருந்து வந்த என் மாமனார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன அண்ணாச்சி?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பாவுக்கு மறுபடியும் அதே இருமல்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டால், பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் சேர்ந்து இருமுகிறார்கள்.